பீங்கானில் எழுதிய பாரசீகச் சொல்

பல்லாண்டுகளுக்கு முன் நம் மாணவர்களுக்கு எழுத்துக்கலை குறித்துப் பாடம் நடத்துகையில், அருங்காட்சியக நூல் ஒன்றிலிருந்த நிழற்படத்தைக் காட்டினோம். ஐந்து சிகரங்கள் கொண்ட சிறு மலையின் வடிவில் அமைந்த பீங்கான் பொருள் அது. வெள்ளைப் பரப்பின் மேல் நீலத்தில் கொடிகள் படர்ந்திருக்கும். ஒரு பக்கத்து வட்டத்துக்குள் ‘ஃகாமா’ என்றும், மறுபக்கத்து வட்டத்துக்குள் ‘தான்’ என்றும் அரபு லிபியில் எழுதப்பட்டிருந்தது. இரண்டையும் சேர்த்தால் ‘ஃகாமாதான்’. பாரசீகத்தில் எழுதுகோல் வைக்கும் பெட்டி என்று பொருள். சீனத்துக் குயவன் நம் நாணற் கலங்களுக்காகச் செய்தனுப்பிய பெட்டி இது என்று மாணவர்களிடம் சற்றுப் பெருமையுடனேயே விளக்கினோம்.

வடநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் சீனமொழி பயிற்றுவிக்கும் நண்பரிடம் ஒருமுறை இதைக் கூறியபோது அவர் சிரித்துவிட்டார். அது பெட்டியே அன்று. அதனுள் எதையும் வைக்க இயலாது. மை தோய்ந்த தூரிகையைக் கீழே வைத்தால் மேசை கறைபடும் என்பதால், சீன அறிஞர்கள் அதனைச் சிகரங்களுக்கு இடையேயுள்ள பள்ளத்தில் சாய்த்து வைப்பர். அதற்கான தாங்கியே இந்த மலை. மிங் அரசமரபைச் சேர்ந்த ஜங்தே பேரரசரின் காலத்தில் (1506–1521) இத்தகையவை செய்யப்பட்டன. ஏற்றுமதிக்காக அன்றிச் சீனத்துக்குள்ளேயே, அரண்மனையில் பணிபுரிந்த முஸ்லிம் அலுவலர்களின் மேசைகளுக்காகச் செய்யப்பட்டிருக்கலாம் எனக் கருதுவோரும் உளர்.

நாம் சொல்லைச் சரியாகவே வாசித்தோம். பொருளைத்தான் தவறாக வாசித்தோம். சீனத்து மேசையில் எழுதுகோலுக்கு உரிய இடம் எது என்பதை அறியாததால், நம் மேசையிலுள்ள பெட்டியை அதன்மேல் ஏற்றிவிட்டோம். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. வடிவத்தை நன்கறிந்து, எழுதப்பட்டிருப்பதைப் படிக்கத் தெரியாமல், ‘அரபு போன்ற அலங்காரம்’ என்று ஒற்றை வரியில் கடந்து செல்லும் விற்பனைப் பட்டியல்களைக் கண்டவர்கள் அதை அறிவர்.

இந்நினைவை இங்கு எழுதக் காரணம் நம் முன்னாள் மாணவர் ஒருவர். மௌலவி பட்டமும் பின்னர் இளங்கலையும் முடித்த அவர், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் சீனவியலையும் கலை வரலாற்றையும் இணைத்து ஒரே பட்டமாகப் பயிலும் வாய்ப்பு உள்ளதை அறிந்து, “ஹஜ்ரத், இதைப் படிக்கலாமா?” என்று கேட்டு வந்தார். அவருடைய வீட்டில் பெரியவர்கள், “சட்டி பானை பார்க்கவா சீனத்துக்குப் போகிறாய்?” என்று கேட்டிருக்கின்றனர். அக்கேள்வியைப் புறந்தள்ள நமக்கு மனம் வரவில்லை. அதற்கு விடை சொல்லும் முயற்சியே இக்கட்டுரை.

சீனத்தையும் கல்வித் தேடலையும் இணைத்து நம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும் வாசகத்தை இங்கு நாம் துணைக்கு அழைக்கப் போவதில்லை. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்பது ஹதீஸ் கலை வல்லுநர்களின் கருத்து. இப்னுல் ஜவ்ஸீ அதனை இட்டுக்கட்டப்பட்டவற்றின் தொகுப்பிலேயே சேர்த்துள்ளார். சீனம் குறித்துப் படிப்பதற்கு வலுவான காரணங்கள் இருக்கையில் பலவீனமான ஒன்றை நாடவேண்டியதில்லை.

முதலில் இப்படிப்பு எத்தகையது என்பதைப் பார்ப்போம். லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை, ஆப்பிரிக்கவியல் கல்லூரி இத்தகைய இணைப் படிப்புகளை நீண்ட காலமாக அளித்து வந்துள்ளது. ‘சோவாஸ்’ என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் அக்கல்லூரி 1916இல் நிறுவப்பட்டது. சீன மொழியுடன் கூடிய பட்டம் பொதுவாக நான்கு ஆண்டுகள் நீளும். அதில் ஓராண்டு சீனத்திலோ தைவானிலோ கழியும். மாணவர் எழுத்தறியாதவராகவே தொடங்குகிறார். நான்கு தொனிகளும் எழுத்துகளைக் கோடு கோடாக வரையும் வரிசைமுறையும் முதலாண்டை விழுங்கிவிடும். அதே நேரத்தில் மறு வகுப்பறையில் அவர் ஓவியத்தையும் கலத்தையும் கட்டடத்தையும் பார்க்கப் பழகுகிறார். ‘பார்க்க’ என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். ஒரு கிண்ணத்தின் அடிவளையம் எவ்வாறு சீவப்பட்டுள்ளது, பூச்சு எங்கே நின்றுவிட்டது, நீலம் எங்கே கறுத்துத் திட்டாகியுள்ளது என்று ஒரு பக்கம் எழுதச் சொல்வார்கள். கண்ணுக்கும் இலக்கணம் உண்டு என்பதை அப்போதுதான் மாணவர் உணர்வார்.

அரபு பயின்றவருக்குச் சீனம் தொடக்கத்தில் திகைப்பூட்டும். நமக்கு ‘ஸர்ஃப்’ என்பது மொழியின் முதுகெலும்பு. மூன்றெழுத்து மூலத்திலிருந்து பத்துப் பதினைந்து வடிவங்களை வார்த்தெடுப்போம். சீனத்தில் சொல் திரிவதே இல்லை. காலமும் எண்ணும் பாலும் சொல்லின் உருவத்தை மாற்றுவதில்லை. ஆனால் அகராதி பார்க்கும் முறையில் ஓர் உறவு தென்படும். அரபு அகராதியில் மூலத்தைக் கண்டுபிடித்தால்தான் சொல் கிடைக்கும். சீனத்தின் மரபான அகராதியிலும் எழுத்துக்குள் மறைந்திருக்கும் அடிக்கூற்றைக் கண்டுபிடிக்கவேண்டும். அத்தகைய அடிக்கூறுகள் 214. மூலம் தேடிப் பழகிய மனத்துக்கு இந்தத் தேடல் புதிதன்று. இன்னொரு சிறு ஆறுதலும் உண்டு: சீனத்தின் நீள்சுருள் ஓவியம் நம் கிதாபைப் போலவே வலமிருந்து இடமாக விரிவது.

மொழிப் பாடத்திலும் இரண்டு படிகள் உள்ளன. இன்று பேசப்படும் மாண்டரின் ஒன்று. பழைய நூல்களின் செம்மொழி வழக்கு மற்றொன்று. இவற்றுக்கிடையேயுள்ள தொலைவு, செய்தித்தாள் அரபுக்கும் பழைய உரைநூல்களின் அரபுக்கும் உள்ளதைவிட அதிகம் என்றே சொல்லவேண்டும். கலை வரலாற்று மாணவருக்குச் செம்மொழி இல்லாமல் தீராது. ஏனெனில் சீன ஓவியம் பேசும் ஓவியம். வரைந்தவர் ஓரத்தில் எழுதுவார். நண்பர் அடுத்து எழுதுவார். இருநூறு ஆண்டுகளுக்குப் பின் அதை வாங்கியவர் இறுதியில் ஒரு குறிப்பை எழுதி முத்திரை இடுவார். சியன்லுங் பேரரசர் போன்றவர்கள் ஓவியத்தின் நடுவிலேயே முத்திரைகளைப் பதித்துவைத்தார்கள். முத்திரைகளோ பெரும்பாலும் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான எழுத்து வடிவில் இருக்கும். மேலும் 1956 முதல் சீனத்தில் எளிமையாக்கப்பட்ட எழுத்துகள் புழக்கத்துக்கு வந்தன; கலைப்பொருள்களில் உள்ளவை பழைய முழு வடிவ எழுத்துகள். ஆகவே மாணவர் இரண்டையும் கற்கவேண்டும். தைவானில் முழு வடிவமே இன்றும் வழங்குவதால் அங்கு ஓராண்டு தங்குவதில் பயனுண்டு.

இவ்விரு கல்விகளும் ஒன்றாக வளர்ந்தவை அல்ல. ஐரோப்பாவில் சீனவியல் நூல்களை வாசிப்போரின் துறையாக இருந்தது. சீனக்கலையோ சேகரிப்பாளர்கள், வணிகர்கள் ஆகியோரின் வரவேற்பறைப் பேச்சாக இருந்தது. 1932இல் லண்டனில் சீனக்கலைக்கும் தொல்லியலுக்குமான பேராசிரியர் பொறுப்பை ஏற்ற பெர்சிவல் யெட்ஸ், கடற்படை மருத்துவராகத் தொழில் தொடங்கியவர். 1935 நவம்பர் முதல் 1936 மார்ச் வரை அந்நகரில் நடைபெற்ற அனைத்துலகச் சீனக்கலைக் கண்காட்சியில் 3,000க்கும் மேற்பட்ட பொருள்கள் வைக்கப்பட்டன. 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கண்டனர். அதன்பின் சீனக்கலை பல்கலைக்கழகத்துக்குரிய பாடமா என்று கேட்பது கடினமாயிற்று.

அக்கண்காட்சியை முன்னின்று நடத்தியவர் சர் பெர்சிவல் டேவிட். 1892இல் பம்பாயில், பக்தாத் யூத மரபினரான வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். பணமுள்ள சேகரிப்பாளர்கள் பலர் உண்டு. இவர் சீனமும் கற்றார். 1388இல் சாவ் ஜாவ் என்பவர் எழுதிய பழம்பொருள் மதிப்பீட்டு நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அவர் 1964இல் மறைந்தபின் 1971இல் அது வெளிவந்தது. அந்நூலில் ‘தாஷீ’ நாட்டுக் கலம் என்றொரு பதிவு இருக்கிறது. தாஷீ என்பது அரபியரைக் குறிக்கச் சீனர் வழங்கிய பெயர்; ‘தாஸீ’ என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. பெயரைப் பார்த்தால் மண்கலம் என்றே தோன்றும். ஆனால் விவரிக்கப்படுவது உலோகத்தின் மேல் கம்பிக் கட்டங்களுக்குள் வண்ணக் கண்ணாடிப் பூச்சை உருக்கிச் செய்யும் வேலைப்பாடு. சீனத்தின் புகழ்பெற்ற கைவினைகளுள் ஒன்றாக இன்று கருதப்படும் இது மேற்கிலிருந்து வந்தது என்பதைச் சீனரே எழுதிவைத்திருக்கின்றனர். மொழி மட்டும் தெரிந்தவர் அதை மண்பாண்டம் என்று மொழிபெயர்த்திருப்பார்.

டேவிட் சேகரித்த சுமார் 1,700 பொருள்கள் லண்டன் பல்கலைக்கழகத்துக்கு அளிக்கப்பட்டு, 1952 முதல் 2007 வரை தனி அருங்காட்சியகமாக மாணவர்களுக்குப் பயன்பட்டன. 2009 முதல் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளன. அவற்றுள் தலையாயவை ஓரிணைப் பூச்சாடிகள். யானைத்தலைக் கைப்பிடிகளும் நீல நாகங்களும் கொண்ட இவற்றின் கழுத்தில், ஒரு தாவோ கோயிலுக்கு இவற்றைக் காணிக்கையாக்கியவரின் பெயரும் 1351ஆம் ஆண்டுக்குரிய தேதியும் எழுதப்பட்டுள்ளன. 1929இல் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த ஹாப்ஸன் இதனை வெளியிட்டார். ஆயினும் இந்தத் தேதியின் முழுப்பயன் கிடைக்க மேலும் இருபதாண்டுகள் ஆயின. கிடைத்த இடமோ சீனமன்று, முஸ்லிம் உலகம்.

அமெரிக்காவைச் சேர்ந்த ஜான் போப் என்பவர் இஸ்தான்புல்லின் தோப்காப்பு அரண்மனையிலிருந்த சீனப் பீங்கான்களை ஆராய்ந்தார். உஸ்மானிய சுல்தான்களின் அந்தக் கருவூலத்தில் சீனக் கலங்கள் மட்டும் ஏறத்தாழப் பத்தாயிரம். அடுத்து ஈரானின் அர்தபீலில் ஷெய்கு ஸஃபியுத்தீனின் அடக்கத்தலத்துக்கு ஷாஹ் அப்பாஸ் 1611இல் வக்ஃபாக அளித்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கலங்களில் எஞ்சியவற்றை ஆராய்ந்தார். 1351ஆம் ஆண்டுச் சாடியிலுள்ள அலைகள், வாழையிலை வரிசை, தாமரையின் கூர்ந்த இலைகள் ஆகியவற்றை அளவுகோலாகக் கொண்டு, தேதியற்ற பெருந்தட்டுகளை அவர் ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். 1952இலும் 1956இலும் வெளிவந்த அவருடைய நூல்களுக்குப் பின்னரே, பதினான்காம் நூற்றாண்டின் நீலவெண் பீங்கான் என்று ஒரு வகையே உண்டு என்பது உறுதிப்பட்டது. ஒரு சீன வரியை வாசித்ததும், ஒரு கோட்டின் வளைவைக் கவனித்ததும் சேர்ந்தே இம்முடிவைத் தந்தன. அந்நீலத்தின் ஊரும் நம் கவனத்துக்குரியது. காஷானைச் சேர்ந்த அபுல் காஸிம் 1301இல் எழுதிய மட்பாண்ட நூலில், அருகிலுள்ள கம்ஸர் கிராமத்து நீலக்கல்லைக் கைவினைஞர் ‘சுலைமானீ’ என்பர் எனக் குறிப்பிட்டுள்ளார். சீன நூல்களில் வரும் ‘சுமாலி’ நீலம் என்ற பெயர் இதிலிருந்து வந்திருக்கலாம் என்று சிலர் கருதுவர், உறுதி கூறுவதற்கில்லை.

இதே போப் 1947இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே ‘சீனவியலா, கலை வரலாறா’ என்பதாகும். சிகாகோவில் கற்பித்த ஜெர்மானியர் பாஹ்ஹோஃபர் சீனக்கலை முழுவதையும் வடிவ வளர்ச்சி என்ற ஒரே கயிற்றில் கோத்து எழுதியிருந்தார். மொழிச் சான்றுகளைப் பார்க்காமல் பாணியை மட்டும் கொண்டு காலம் கணிப்பது மணல்மேல் கட்டுவது என்ற பொருளில் போப் அதனைச் சாடினார். வாசிப்பவர் போப்பின் பக்கம் சாய்ந்துவிடுவார், நாமும் சாய்ந்தோம். கிதாபுகளோடு வாழ்பவருக்கு எழுத்தே சான்று என்பது இயல்பான எண்ணம்.

ஆனால் அடுத்து நடந்தது வேறு. சுவீடனைச் சேர்ந்த பெர்ன்ஹார்ட் கார்ல்கிரென் பண்டைச் சீனத்தின் உச்சரிப்பையே மீட்டெடுத்த மாபெரும் மொழியறிஞர். பண்டைய வெண்கலக் கலங்களிலுள்ள அலங்காரக் கூறுகளைக் கணக்கெடுத்து வகைப்படுத்திய அவர், தெளிவான விலங்கு முகம் கொண்டவையே மூத்த வகை என்றும், சிதைந்து தோன்றும் வடிவங்கள் அதிலிருந்து பிறந்தவை என்றும் முடிவு செய்தார். பாஹ்ஹோஃபரின் மாணவரான மாக்ஸ் லோயர் 1953இல் அதற்கு மாறாக ஐந்து பாணிகளை வரிசைப்படுத்தினார். மெல்லிய புடைகோடுகளில் தொடங்கிப் படிப்படியாகவே உயர்ந்த புடைப்பு முகங்கள் வந்தன என்பது அவர் வாதம். அவரிடம் எழுத்துச் சான்று ஏதுமில்லை. கண் மட்டுமே இருந்தது. பின்னர் ஜங்ஜோ முதலிய இடங்களில் நடைபெற்ற அகழாய்வுகள் லோயரின் வரிசையையே உறுதிப்படுத்தின. மொழிப் புலமையில் கார்ல்கிரெனுக்கு நிகரானவர் அக்காலத்தில் அரிது என்பதை நினைத்தால், இந்நிகழ்வு நம்மைப் போன்ற எழுத்துப் பணியாளர்களைச் சற்று அடக்கத்தோடு அமரச் செய்கிறது.

இச்சர்ச்சைக்கு யாரும் தீர்ப்பு எழுதவில்லை. பல்கலைக்கழகங்கள் இரண்டையும் ஒருவரிடமே எதிர்பார்க்கத் தொடங்கின. பிரின்ஸ்டனில் 1959இல் கலை வரலாற்றறிஞர் வென் ஃபோங்கும் சீன வரலாற்றறிஞர் ஃபிரெடரிக் மோட்டும் இணைந்து முனைவர் பட்டப் படிப்பை வகுத்தனர். பிரிட்டனில் கிரெய்க் கிளூனஸ் கேம்பிரிட்ஜில் சீனம் படித்து, விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பொருள்களோடு பல்லாண்டு பழகி, பின்னர் பேராசிரியரானார். பதினேழாம் நூற்றாண்டுச் சீனக் கனவான் ஒருவர் வீட்டுப் பொருள்களின் தரம் குறித்து எழுதிய நூலைக் கொண்டு, நாற்காலியும் பூச்சாடியும் அக்காலச் சமூக மதிப்பை எவ்வாறு அளந்தன என்று 1991இல் அவர் எழுதிய நூல் பலரது பார்வையைத் திருப்பியது. சட்டி பானை பார்ப்பது என்பது இதுதான் என்று நம் மாணவரின் வீட்டாருக்குச் சொல்லலாம்.

இனி நமக்கு மிக நெருங்கிய ஓர் எடுத்துக்காட்டுக்கு வருவோம். தென்கிழக்குச் சீனக் கடற்கரையிலுள்ள சுவான்ஜோ நகரை அரபியர் ‘ஸைத்தூன்’ என்றழைத்தனர். இப்னு பதூதா வியந்த துறைமுகம் அது. 2021இல் அதன் தொல்லிடங்கள் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. அங்கே கூரையிழந்த ஒரு கல் மஸ்ஜித் நிற்கிறது. அதன் வாயிற் கல்வெட்டு அரபியில் உள்ளது. பள்ளியின் பெயர் மஸ்ஜிதுல் அஸ்ஹாப், ஹிஜ்ரி 400இல் (கி.பி. 1009–10) கட்டப்பட்டது, ஹிஜ்ரி 710இல் (1310–11) ஷீராஸைச் சேர்ந்த ஒருவர் புதுப்பித்தார் என்பது அதன் செய்தி. அதே வளாகத்தில் ஒரு சீனக் கல்வெட்டும் உள்ளது. 1350இல் வூ ஜியான் எழுதியதை 1507இல் மறுபடியும் செதுக்கிய கல் அது. அதன்படி பள்ளியின் பெயர் சிங்ஜிங். ஸீராஃபிலிருந்து வந்த வணிகர் 1131இல் கட்டினார்.

ஒரே பள்ளிக்கு இரு பெயர், இரு நிறுவனர், நூறாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி. சீனம் மட்டும் அறிந்தவர்கள் சீனக் கல்லின்படி அதைச் சிங்ஜிங் பள்ளி என்றே நெடுங்காலம் எழுதி வந்தனர். அரபு மட்டும் அறிந்தவர் வாயிலைப் படித்துவிட்டுத் திரும்பியிருப்பார். அவருக்குச் சிக்கலே தெரிந்திராது. இரண்டையும் அருகருகே வைத்து வாசித்தபோதுதான், நகரில் இருந்தவை வெவ்வேறு பள்ளிகள், அழிந்துபோன ஒன்றின் கல் மற்றொன்றுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது என்ற விளக்கம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வலுப்பெற்றது. இதில் கட்டடமும் ஒரு சாட்சி. அடுத்தடுத்து அமைந்த கூர்வளைவுகள் கொண்ட அந்த உயர்ந்த வாயில் ஈரானின் செங்கல் வாயில்களை நினைவூட்டுவது. ஆனால் ஃபுஜியான் கல்தச்சர்களின் கையால் கருங்கல்லில் எழுந்தது. இதைச் சொல்லக் கட்டடக்கலை வரலாறு தெரிந்திருக்கவேண்டும்.

அந்நகரின் கோட்டை மதில் இடிக்கப்பட்டபோது, அதனுள் அடுக்கப்பட்டிருந்த கப்றுக் கற்களைச் சேகரித்துக் காத்தவர் வூ வென்லியாங் என்னும் பள்ளி ஆசிரியர். 1957இல் அவர் தம் தொகுப்பை நூலாக்கினார். அக்கற்களிலுள்ள அரபு, பாரசீக வாசகங்களை முறையாக வாசித்து வெளியிடும் பணி 1984இல்தான் சென் தாஷெங்கின் நூலால் நிறைவேறியது. இடையே இருபத்தேழு ஆண்டுகள். நம் மதரஸாக்களில் ஆண்டுதோறும் எத்தனை பேர் அவ்வாசகங்களைத் தடையின்றிப் படிக்கும் திறனோடு வெளியேறுகின்றனர் என்று எண்ணும்போது, இக்கணக்கு நம்மை உறுத்துகிறது.

ஸைத்தூனில் தமிழும் இருந்தது. சக ஆண்டு 1203, அதாவது 1281ஆம் ஆண்டின் சித்திரையில் பொறிக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டு அங்குள்ள சிவன் கோயிலொன்றின் பிரதிஷ்டையைக் கூறுகிறது; இறுதியில் ஒரு வரி சீனம். மங்கோலியக் கானின் ஆணையைக் குறிக்க அத்தமிழில் ‘பர்மான்’ என்ற பாரசீகச் சொல்லே ஆளப்பட்டுள்ளது. இலங்கையின் காலியில் 1911இல் கிடைத்து இன்று கொழும்பு அருங்காட்சியகத்திலுள்ள கல்லும் இவ்வகையே. 1409ஆம் ஆண்டுக்குரிய அதனைச் செங் ஹேயின் கடற்படை கொணர்ந்து நாட்டியது. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் போற்றிக் காணிக்கைகளைப் பட்டியலிடுகின்றன. மூன்றிலும் மிகுதியாகத் தேய்ந்திருப்பது பாரசீகமே. உச்சியில் எதிரெதிரே இரு நாகங்கள். கல்லின் உருவம் முழுக்கச் சீனத்தது. ஆகவே மூன்று மொழிகள் தெரிந்தும் கல்லின் உருவத்தைக் கவனியாதவர், அது எங்கு வடிவமைக்கப்பட்டது என்ற முதற்கேள்வியையே கேட்கமாட்டார்.

நம் கரையிலும் இதற்கு வேலை இருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் அகழாய்வில் கிடைத்துள்ளன. அவற்றை இனங்கண்டு காலம் சொல்ல ஜப்பானிய அறிஞர்களின் துணை வேண்டியிருந்தது. ‘பீங்கான்’ என்ற சொல்லே பாரசீகத்திலிருந்து தமிழுக்கு வந்தது. நம் சமையலறையில் நாள்தோறும் புழங்குவது. அந்த ஓட்டைக் கையிலெடுத்து எந்தச் சூளையது என்று சொல்லக்கூடியவர் நம்மிடையே எத்தனை பேர்?

படிப்பை எதிர்ப்போர் எழுப்பும் ஒரு தயக்கத்தை நேர்மையுடன் சொல்லவேண்டும். சீனக்கலை என்றால் பீங்கானும் எழுத்துக்கலையும் மட்டும் அல்ல. லுங்மென் குகைகளின் புத்தர் சிலைகளையும், துன்ஹுவாங்கின் சுவரோவியங்களையும் மாணவர் படித்தே ஆகவேண்டும். மார்க்கக் கல்வி பெற்ற ஒருவர் இவற்றோடு நான்காண்டுகள் கழிப்பது தகுமா? உருவங்களை ஆக்குவது குறித்த சட்டம் வேறு. பிறர் ஆக்கியவற்றை அறிந்துகொள்வது வேறு என்பதே நம் கருத்து. அல்பீரூனி சமஸ்கிருதம் கற்று இந்தியரின் வழிபாட்டையும் உருவங்களையும் விரிவாக எழுதினார்; அதனால் அவருடைய ஈமானைச் சந்தேகித்தவர் எவரும் இலர். ஹிஜ்ரி 237இல் (851) தொகுக்கப்பட்ட ‘அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்த்’ சீனத்துக் கிண்ணத்தின் மென்மையை, உள்ளிருக்கும் நீர் வெளியே தெரியுமளவு மெல்லியது என வியந்து பதிந்துள்ளது. சீனத்துக்கு வெளியே பீங்கானைக் குறித்து எழுதப்பட்ட மிகப் பழைய விவரிப்புகளுள் ஒன்று அது. எழுதியவர்கள் நம் வணிகர்கள். 1998இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே கடலடியில் கண்டுபிடிக்கப்பட்ட அரபு வகைக் கப்பலில் ஏறத்தாழ 60,000 சீனக் கலங்கள் இருந்தன. ஒரு கிண்ணத்தில் 826ஆம் ஆண்டுத் தேதி காணப்பட்டது. நூலுக்கும் கப்பலுக்கும் இடையே ஒரு தலைமுறை தூரமே. அந்தச் சரக்கில் பெரும்பகுதியை இன்று சிங்கப்பூரின் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்தில் காணலாம்.

இனி உலகியல். பட்டம் பெற்றோர் எல்லோரும் அருங்காட்சியகங்களில் அமர்வதில்லை. அவ்விடங்கள் குறைவு, முதுகலை, பெரும்பாலும் முனைவர் பட்டமும் கேட்பார்கள். ஏலமனைகள், பதிப்பகங்கள், மொழிபெயர்ப்பு, ஆசிரியப்பணி எனப் பலரும் பிரிகின்றனர். சீனம் தெரிந்தவருக்கு வணிகத்திலும் இடமுண்டு. பிரிட்டனில் கட்டணம் நடுத்தரக் குடும்பத்தின் சக்திக்கு அப்பாற்பட்டது. உதவித்தொகையின்றி நாம் பரிந்துரைக்க மாட்டோம். இந்தியாவில் இணைப் பட்டமாக இல்லாவிடினும் இரண்டையும் அடுத்தடுத்துப் பயில வழியுண்டு. சாந்திநிகேதனில் 1919 முதல் கலாபவனமும், தான் யுன்ஷானின் முயற்சியால் 1937 முதல் சீனபவனமும் ஒரே வளாகத்தில் இயங்கி வருகின்றன. தில்லியின் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சீனமொழியில் இளங்கலை முடித்து, அங்கேயே கலை, அழகியல் துறையில் முதுகலை பயிலலாம். சீனத்திலும் தைவானிலும் அரசுகள் வழங்கும் மொழி உதவித்தொகைகள் உள்ளன. எந்த வழியாயினும் மொழியை முதலில் தொடங்கவேண்டும் என்பதே நம் ஆலோசனை. கண்ணை முப்பது வயதிலும் பழக்கலாம்; இரண்டாயிரம் எழுத்துகளை மனனம் செய்ய ஹிஃப்ளு வகுப்பின் வயதுதான் ஏற்றது. நம் மாணவர் ஹாஃபிழ். அது அவருக்குப் பெரிய முதல்.

அவர் வீட்டாரிடம் நாமே சென்று பேசினோம். முழுமனதோடு இசைந்தார்கள் என்று சொல்லமுடியாது. ஓராண்டு மொழி மட்டும் படிக்கட்டும், பிறகு பார்ப்போம் என்றனர். தற்போது அடிப்படை வகுப்பொன்றில் சேர்ந்திருக்கிறார். சென்ற மாதம் குறிப்பேட்டுடன் வந்தவர், பள்ளிவாசலுக்குச் சீனத்தில் வழங்கும் ‘சிங்ஜன் சி’ என்ற பெயரை எழுதிக் காட்டினார். முதலிரண்டு எழுத்துகளுக்குத் தூய்மை, உண்மை என்று பொருள். மூன்றாவதான ‘சி’ பௌத்த ஆலயத்துக்கும் வழங்குவதாயிற்றே, அதை எப்படி ஏற்றார்கள் என்று கேட்டோம். “ஹஜ்ரத், அது முதலில் கோயில் இல்லை. ஹான் காலத்தில் அரசு அலுவலகத்துக்குத்தான் அந்தப் பெயர். வெளிநாட்டிலிருந்து வந்த பிக்குகளை அப்படியோர் அலுவலகத்தில் தங்கவைத்தார்களாம்; பிறகுதான் ஆலயத்துக்கு ஒட்டிக்கொண்டது” என்றார். குறிப்பேட்டின் அடுத்த பக்கத்தில் அந்த ஐந்து சிகரத் தாங்கியை வரைந்து, அதன்மேல் தூரிகை ஒன்றையும் சாய்த்து வைத்திருந்தார்.